கால்வாய்க்கு எதிர்த்திசையில்

ஜனவரி மாதத்தின் கடைசி வாரம். காலை ஆறரை மணிக்கு ஓசர் கிராமத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஏதோ தீ விபத்து என்று நினைத்துச் சைக்கிளை நிறுத்தினேன். எதிரே பால் கேனுடன் வந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதே தாயீ, கொடிக்குக் குளிர்கிறது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும் இந்தப் பகுதியில், குளிர்காலத்து விடியல்களில் வெப்பமானி சில நாட்கள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். ஓசர் அடங்கிய நிபாட் தாலுகா, மகாராஷ்டிரத்திலேயே மிகக் குளிர்ந்த இடம் என்று பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பிடிக்கும். கனியத் தொடங்கிய திராட்சைக்கு இந்தக் குளிர் ஆகாது, தோல் வெடித்துவிடும். அதனால் விவசாயிகள் பின்னிரவில் எழுந்து, கொடி வரிசைகளுக்கு நடுவே சருகையும் குச்சியையும் குவித்துக் கொளுத்துகிறார்கள். பிள்ளைக்குக் கணப்பு மூட்டுவது போலத்தான்.

'தாயீ' என்று அவர் அழைத்ததையும் விளக்கிவிட வேண்டும். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. தமிழ்க் காதுக்கு அது அம்மாவாகக் கேட்கும். மும்பையில் இருபது வருடங்களாக ஆங்கிலத்திலிருந்தும் மராத்தியிலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கே, கறிகாய்க்காரர் 'தாயி' என்று கூப்பிட்டால் ஒரு கணம் வயது கூடினாற்போல் இருக்கும். இரண்டு மொழிகளிலும் ஒரே ஒலியோடு வேறு பொருளில் உலவும் சொற்கள் மொழிபெயர்ப்பாளருக்குக் கண்ணி. வெளியே தெரியாத வேறு கண்ணிகளும் உண்டு. அப்படி ஒன்றில் நான் விழுந்த கதை பின்னால் வருகிறது.

நாற்பதைத் தாண்டிய முழங்கால்களை நம்பி இரண்டு நாள் சைக்கிள் பயணம் கிளம்பியதற்குக் காரணம் நாசிக்கில் வசிக்கும் ஒரு நண்பர். மராத்தி கற்பிக்கும் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாசிக் சாலைகளுக்கு வந்து பார்க்கச் சொல்வார். ஹெல்மெட் அணிந்த டாக்டர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்ற கடும் போட்டியை 2015-ல் முதன்முதலாக முடித்த இந்திய அணி, இந்த ஊர் டாக்டர் சகோதரர்களான ஹிதேந்திர மகாஜனும் மகேந்திர மகாஜனும்தான். அதற்குப் பிறகு ஊரில் சைக்கிள் மோகம் இன்னும் கூடிவிட்டது. நண்பரும் இருபத்தொரு கியர் கொண்ட ஒரு சைக்கிள் வாங்கினார். ஆறே மாதத்தில் அது பால்கனிக்குப் போனது. "உங்களுக்காவது பயன்படட்டும்" என்று அதைத் தன் ஜீப்பில் ஏற்றி, பரபரப்பான மும்பை - ஆக்ரா நெடுஞ்சாலையைத் தாண்டி, ஓசர் கிராமச் சாலையில் இறக்கிவிட்டுப் போனார்.

வழியும் அவர் யோசனைதான். ஓசரில் தொடங்கி, ஜானோரி, மோகாடி வழியாகத் திண்டோரி. மறுநாள் அங்கிருந்து வாகாட் அணை, அதற்கு மேலே சஹ்யாத்ரி மலையடிவாரம். திராட்சைக்குப் பாயும் தண்ணீர் மலையிலிருந்து எந்த வழியாக இறங்குகிறதோ, ஏறத்தாழ அதே வழியில் நாம் கீழிருந்து மேலே போகிறோம். "வழக்கமாகச் சுற்றுலாக்காரர்கள் கங்காபூர் அணைப் பக்கம் போய் ஒயின் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் கால்வாய்க்கு எதிர்த்திசையில் போய்ப் பாருங்கள்" என்றார். கால்வாய்க்கு எதிர்த்திசை என்றால் மேடு என்பதை அவர் சொல்லவில்லை. முதல் நான்கு கிலோமீட்டரில் என் தொடைகள் சொல்லின.

ஓசரிலிருந்து தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் விஷயத்தில் இது வரலாறு படைத்த ஊர். கோல்வன் ஆற்றில் கட்டப்பட்ட வாகாட் அணையிலிருந்து வரும் வலதுகரைக் கால்வாய் 40 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஓசர் அதன் கடைமடை. கடைமடைக்காரனின் தலைவிதி தஞ்சாவூரில் என்னவோ அதேதான் இங்கேயும். காகிதத்தில் பாசனப் பகுதி, கண்ணில் வறண்ட வாய்க்கால். அணை வந்து பத்து வருடமாகியும் தண்ணீர் எட்டிப்பார்க்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பாபு உபாத்யே, பரத் காவ்லே என்ற இருவரின் முயற்சியில், சமாஜ் பரிவர்த்தன் கேந்திரா என்ற அமைப்பின் மூலம், இந்தக் கடைமடை விவசாயிகள் மூன்று நீர்ப்பயனாளர் சங்கங்களை அமைத்தார்கள். ஏக்கர் கணக்கில் வரி கட்டுவதற்குப் பதிலாக, அளந்து தரும் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். எங்களுக்குள் பங்கிடுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பாசனத் துறையோடு ஒப்பந்தம் போட்டார்கள். கிடைத்த தண்ணீரைப் பாணகங்கை ஓடையில் தடுப்பணைகள் கட்டித் தேக்க, கிணறுகள் ஊறின. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வாகாட் பாசனப் பகுதி முழுவதும் 24 சங்கங்கள் உருவாகி, மொத்த நிர்வாகமும் விவசாயிகள் கைக்கு வந்தது. 2005-ல் மகாராஷ்டிரம் பாசன நிர்வாகத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்கும் சட்டத்தையே கொண்டுவந்தது. வாகாட் அதற்கு முன்னோடி.

அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்பதைப் பார்க்கச் சைக்கிளைவிட நல்ல வாகனம் கிடையாது. காரில் போனால் பச்சை, பச்சை, பச்சை. சைக்கிளில் ஒவ்வொரு பச்சைக்கும் பெயர் தெரிகிறது. இது தக்காளி, இது குடைமிளகாய், இது ரோஜா வளர்க்கும் பாலிதீன் குடில். மீதியெல்லாம் திராட்சை. ஜானோரி தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் இரும்புச் சட்டங்களில் கம்பி கட்டி, கொடிகளை 'ஒய்' எழுத்து வடிவில் விரித்திருந்தார்கள். பழைய தோட்டங்களில் நம் ஊர்ப் புடலைப் பந்தல் போலத் தட்டையான பந்தல். இதற்கு மராத்தியில் 'மாண்டவ்'. கல்யாணப் பந்தலுக்கும் அதே சொல்தான். உள்ளே குனிந்து பார்த்தால் தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான கொத்துகள் தோரணம் போலத் தொங்குகின்றன.

போக்குவரத்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. அரை மணிக்கொரு டிராக்டர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பிளாஸ்டிக் கிரேட்டுகள் அடுக்கிய சிறு லாரிகள். அமைதி அவ்வளவு கெட்டியாக இருக்கிறது. செயின் சக்கரப் பல்லில் ஏறும் ஒலிகூடக் கேட்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது கிழிந்து போகும். ஓசரில் இருப்பது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் போர்விமானத் தொழிற்சாலை. மிக் விமானங்கள் தயாரிக்க 1960-களில் தொடங்கப்பட்டு, பிறகு சுகோய் விமானங்களைத் தயாரித்த இடம். சோதனைக்குக் கிளம்பும் விமானம் தலைக்கு மேல் இடிபோல் போகும்போது பந்தலுக்குள் வேலை செய்யும் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான்தான் சைக்கிளோடு வரப்பில் சாயப் பார்த்தேன்.

இனி அந்தக் கண்ணி விவகாரம். சில வருடங்களுக்கு முன் இந்தப் பகுதித் திராட்சையைப் பற்றிய நீண்ட மராத்திக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். தோட்டவேலைக்கு வருபவர்களை அது 'குஷல் மஜூர்' என்றது. 'திறன் பெற்ற கூலியாட்கள்' என்று எழுதிப் பார்த்தேன். காதுக்குச் சரிப்படவில்லை. திராட்சை பறிப்பதில் என்ன திறன் என்று மனசுக்குள் ஒரு அலட்சியமும் இருந்திருக்க வேண்டும். அடைமொழியை வெட்டிவிட்டேன். 'கூலியாட்கள்' என்று அச்சானது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பேராசிரிய நண்பர் மட்டும், தன்னிடம் படித்த தமிழ் மாணவி ஒருத்தி சொல்லக் கேட்டு, போனில் அழைத்தார். "கட்டுரையின் ஒரே முக்கியமான சொல்லை விட்டுவிட்டீர்களே" என்றார். அவர் சைக்கிளை இரவல் கொடுத்ததே அதற்கான தண்டனையோ என்று மோகாடி மேட்டில் மூச்சு வாங்கியபோது தோன்றியது.

மோகாடியில் நண்பரின் உறவினர் ஒருவருக்குத் தோட்டம். ஐம்பதைத் தாண்டியவர், ஐந்து ஏக்கர். தேநீர் வரும் முன்பே கொடியின் வருடத்தை விவரிக்கத் தொடங்கிவிட்டார். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் திராட்சைக்கொடி இலையை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் தானே விழிக்கும். நம் வெப்பநாட்டில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு முறை, கிளை வளர. அக்டோபரில் ஒரு முறை, காய் பிடிக்க. கத்தரிப்புக்கு மராத்தியில் 'சாட்டணி'. இரண்டு கத்தரிப்பு, ஒரு அறுவடை. அக்டோபரில் வெட்டியது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை பழமாகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சென்னையிலும் பெங்களூரிலும் தள்ளுவண்டியில் குவிந்திருக்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சையில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்திலிருந்து வருவதுதான். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை வேறு ஜாதி. அதற்கு விதை உண்டு, கருநீல நிறம், தனி மணம்.

ஏற்றுமதியைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் மாறியது. 2010-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு ரசாயனத்தின் எச்சம் இருப்பதாகச் சொல்லிக் கப்பல் கப்பலாக நிராகரித்தார்கள். பல விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். அந்த அடியில் பிறந்த ஞானத்தில்தான் சோதனைச்சாலை, பதிவேடு, எந்தத் தோட்டத்தில் எந்தப் பெட்டி என்ற கணக்கு எல்லாம் கெடுபிடியாயின. இதே மோகாடியில், விலாஸ் ஷிண்டே தலைமையில் அந்தச் சமயத்தில் உருவான சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ் என்ற விவசாயிகளின் நிறுவனம் இன்று நாட்டின் பெரிய திராட்சை ஏற்றுமதியாளர்களில் ஒன்று. அதன் குளிர்பதனக் கிடங்குகளின் கூரை, தோட்டங்களுக்கு நடுவே ஒரு விமான நிலையம் போல நீண்டு கிடக்கிறது.

"சங்கம் சேர்ந்தால் வியாபாரியைச் சமாளிக்கலாம். வானத்தை?" என்று கேட்டார் தோட்டக்காரர். மராத்தியில் 'அவகாளி' என்ற ஒரு சொல்லைச் சிறு குழந்தைகூட அறியும். அகாலத்தில் வரும் மழை. 2014 மார்ச்சில் ஆலங்கட்டி. 2019 அக்டோபர், நவம்பரில் விடாமல் பெய்த மழையில் பூவும் பிஞ்சும் அழுகின. 2023 நவம்பர் கடைசியில் மீண்டும் ஆலங்கட்டி. நிபாட் பக்கம் ஒரு மாலைப் பொழுதில் தோட்டங்கள் சல்லடையாயின. ஏக்கருக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொடிக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போடலாம். அதற்கு இன்னும் சில லட்சங்கள் வேண்டும். நம் மொழியில் 'பருவம் தப்பிய மழை' என்போம். தப்பியது மழை அல்ல, மழையிடமிருந்து இவர்கள்தான் தப்ப வேண்டும் என்று தோன்றியது.

ஒயின் பற்றி எழுதாவிட்டால் நாசிக் போய் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1997-ல் ராஜீவ் சமந்த் தன் குடும்ப நிலத்தில் பிரெஞ்சு ரகங்களை நட்டுத் தொடங்கிய சூலா, 2001-ல் மாநில அரசு அறிவித்த ஒயின் கொள்கை, அதன் பின் முளைத்த ஆலைகள் எல்லாம் சேர்ந்து நாசிக்கை இந்தியாவின் ஒயின் தலைநகர் என்று அழைக்கவைத்தன. ஆனால் இந்தக் கிராமச் சாலைகளில் நான் பார்த்த தோட்டங்களில் பெரும்பாலானவை சாப்பிடும் திராட்சைக்கானவை. மோகாடிக்காரர் ஒயினைத் தொட்டதில்லை. "வார்க்கரி குடும்பம், தாயீ. கழுத்தில் துளசிமாலை" என்றார்.

ஆனால் மதுவுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் வேறொரு சம்பந்தம் இருப்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்டோபரில் கத்தரித்த உடனே, மொட்டுகள் ஒரே சமயத்தில் விழிப்பதற்காக, ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைப் பூசுகிறார்கள். இல்லாத பனிக்காலம் வந்து போய்விட்டதாகக் கொடியை நம்பவைக்கும் மருந்து. ஒவ்வொரு குச்சியிலும் எந்தக் கண்ணுக்குப் பூச வேண்டும், எதை விட வேண்டும் என்று பார்த்து, துணியாலோ பஞ்சாலோ கையால் தடவ வேண்டும். தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை அவசியம். அதைக் கையாண்ட நாட்களில் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்துச் சுருண்டுவிட நேரும். ஒயின் தலைநகரத்தில் கொடியைத் தொட்டு எழுப்புகிறவர்கள் மட்டும் மதுவைத் தொடக்கூடாது.

யார் அவர்கள்? "டோளி" என்றார். குழு. மேற்கே பேட், சுர்கானா தாலுகாக்களின் மலைக் கிராமங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் குஜராத்தின் டாங்க்ஸ் காடுகளிலிருந்தும் வரும் ஆதிவாசிக் குடும்பங்கள். கோக்ணா, மகாதேவ் கோளி, வார்லி. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, மழைக்காலத்திலேயே முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். முன்பணத்துக்கு மராத்தியில் 'உசல்'; தூக்குவது என்று பொருள். தூக்கிய சுமையை வேலை செய்து இறக்க வேண்டும். கத்தரிப்பது, மருந்து பூசுவது, வேண்டாத தளிரைக் கிள்ளுவது, கொத்தில் மணிகளைக் கழிப்பது, ஒவ்வொரு கொத்தையும் வளர்ச்சி ஊக்கிக் கரைசலில் முக்கி எடுப்பது, கடைசியில் அறுப்பது வரை எல்லாம் அவர்கள் கை. "என் டோளி இப்போது ஊருக்குப் போயிருக்கிறது. அடுத்த வாரம் அறுவடைக்கு வருவார்கள். நாளை அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், பாருங்கள்" என்று கிராமத்தின் பெயரைச் சொன்னவர், முந்திக் கனிந்த ஒரு வரிசையிலிருந்து பெரிய கொத்து ஒன்றை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "வழியில் சாப்பிடுங்கள்."

திண்டோரியில் அன்றிரவு தங்கிய விடுதியில் எனக்குக் கால்கள் இருந்தன என்பதற்கு வலிதான் சாட்சி.

மறுநாள் மேற்கே திரும்பினேன். தெற்கில் ராம்சேஜ் கோட்டைக் குன்று தெரிந்தது. 1680-களில் ஒரு சிறு மராட்டியப் படை முகலாயர்களை வருடக்கணக்கில் காக்கவைத்த குன்று. சஹ்யாத்ரியின் மலைகளுக்கு ஒரு தனி வடிவம் உண்டு. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்ததால் படிக்கட்டு போல உயர்ந்து, உச்சியில் கத்தியால் சீவியது போலத் தட்டையாக முடியும். அந்தப் பாறை நொறுங்கி ஆன கரிசல்தான் கீழே திராட்சைக்கு மடி.

மலை நெருங்க நெருங்கத் தோட்டங்கள் இடைவெளி விட்டன. கம்பிப் பந்தலுக்குப் பதில் கோதுமை, கடலை. சாலையும் மெலிந்தது. ஓரிடத்தில் கருவேல முள் டயரைப் பதம் பார்த்தது. முக்கால் மணி நேரம் தள்ளிக்கொண்டு போய், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றில் பஞ்சர் ஒட்டினேன். அந்த இளைஞர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைத் தேடியபடி, "கியர் சைக்கிளில் வருகிறவர்களெல்லாம் அணை வரைக்கும்தான் வருவார்கள். அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வாகாட் அணை மண்ணால் ஆனது. ஏறி நின்றால் ஒரு பக்கம் நீர். காற்றில் சிற்றலை, மேலே மலையின் நிழல். மறுபக்கம் முந்தைய நாள் நான் வியர்வையோடு கடந்து வந்த பச்சைச் சமவெளி. இந்த ஆறு கட்வாவில் சேர்ந்து, கட்வா கோதாவரியில் சேர்கிறது. கோதாவரியை நல்ல புலவனின் கவிதைக்கு ஒப்பிட்ட கம்பனை எம்.ஏ. வகுப்பில் உருகி உருகிப் படித்தவள் நான். அந்த ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, யார் நிலத்தைத் தாண்டி வருகிறது என்று அப்போது கேட்கத் தோன்றியதில்லை.

அணைக்கு மேலே போனதும் விடை கிடைத்தது. கால்வாய்க்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது. அணைக்குக் கீழே இருப்பவனுக்கு அது பாசனம். மேலே இருப்பவனுக்கு அது வெறும் காட்சி. சாலை மலையை வளைத்து ஏறியது. முதல் கியருக்கு இறங்கி, பிறகு சைக்கிளை விட்டே இறங்கி, தள்ளினேன். மேலே ஒரு கணவாயில் நின்று பார்த்தபோது மேற்கே மடிப்பு மடிப்பாக மலைகள். இந்த முகட்டுக்குக் கிழக்கே விழும் மழை வங்கக் கடலுக்குப் போகிறது, மேற்கே விழுவது அரபிக் கடலுக்கு. மேற்கே பேட், சுர்கானா பக்கம் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. திராட்சை விளையும் நிபாடில் அதில் கால்பங்கு அளவே. இருந்தும் கோடையில் குடத்தோடு அலைவது மழை கொட்டும் இந்த மலைக்காரர்கள்தான். சரிவில் விழுந்த நீரை நிறுத்திவைக்க இங்கே எதுவும் இல்லை.

மோகாடிக்காரர் சொன்ன கிராமம் முப்பது நாற்பது வீடுகள் கொண்ட ஒரு 'பாடா'. குச்சிச் சுவரில் மண் பூசி, ஓடு போட்ட வீடுகள். முற்றத்தில் கேழ்வரகு உலர்ந்துகொண்டிருந்தது. கியர் சைக்கிளில் வந்து இறங்கிய நடுவயதுப் பெண்ணைப் பார்த்துக் குழந்தைகள் முதலிலும், பிறகு பெண்களும் கூடினார்கள். எங்கிருந்து வருகிறாய், வீட்டுக்காரர் எங்கே, பஸ் இருக்கிறதே, ஏன் இதில் வந்தாய் என்று மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

டோளியின் தலைவி என்று அவர்கள் கைகாட்டிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கேழ்வரகு பாக்ரியும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போகத் தொடங்கியவர். வீட்டுக்குப் பின்னால் காட்டை ஒட்டிய நிலத்தில் சாமையும் கேழ்வரகும் போடுகிறார்கள். நான்கு மாத உணவுக்குக் காணும். அந்த நிலத்துக்குப் பட்டா கேட்டு 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு நடந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நடைப்பயணம் உங்களுக்கும் நினைவிருக்கலாம். மார்ச் 6-ல் கிளம்பிய ஆயிரக்கணக்கான விவசாயிகள் 180 கிலோமீட்டர் நடந்து, 12-ஆம் தேதி விடிவதற்குள் ஆசாத் மைதானத்தை அடைந்தார்கள். மறுநாள் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று கடைசிக் கட்டத்தை இரவோடு இரவாக நடந்தார்கள். வனஉரிமைச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. அவர் உழும் நிலத்தில் பாதிக்குத்தான் இப்போது பட்டா இருக்கிறது. "மீதிக்கு இன்னொரு தடவை நடக்க வேண்டும் போல" என்று சிரித்தார். நான் சைக்கிளில் இரண்டு நாளாகப் படும் பாட்டை விவரிக்கும் உத்தேசத்தை அந்த இடத்தில் கைவிட்டேன்.

அப்போதுதான் பையில் இருந்த திராட்சைக் கொத்து நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். அவர் கை நீட்டி வாங்கி, காம்பைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். நகைக்கடையில் பாட்டிகள் சங்கிலியைப் பார்ப்பது போல.

"மோகாடித் தோட்டம். கிணற்றுப் பக்கத்து வரிசை" என்றார். நான் சொல்லவே இல்லை. முந்திக் கனிவது அந்த வரிசை ஒன்றுதானாம். பிறகு கொத்தின் தோளிலிருந்து நுனிவரை விரலை ஓட்டினார். மணி ஒன்றோடொன்று உரசாமல் ஒரே சீராக விரிந்திருந்தது. பிஞ்சாக இருக்கும்போது எந்தக் கிளைக்காம்பை விட வேண்டும், எதை நறுக்க வேண்டும் என்று பார்த்துக் கழித்தால்தான் இப்படி வரும். கூடுதலாக விட்டால் மணி சிறுத்து, நெருக்கத்தில் அழுகும். கூடுதலாகக் கழித்தால் எடை போச்சு. ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் மணியின் குறுக்களவு 16 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. முதலாளி அளக்க ஒரு வளையம் வைத்திருக்கிறார். அவருக்குக் கண்ணே போதும். ஒரு நாளைக்கு இப்படிப் பல நூறு கொத்து, கழுத்தை அண்ணாந்தபடியே. உட்பக்கம் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. கடுகு போல நான்கைந்து சுருங்கிய மணிகள். "இதை விட்டிருக்கக் கூடாது. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கை இது" என்று திண்ணையில் இருந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பிரதியைக் கையில் வாங்கி, எந்தப் பதிப்பு, எழுதியது யார், பிழை எங்கே என்று சொல்லும் பழைய தமிழாசிரியர் ஒருவர் எனக்கு இருந்தார். அவரை வித்துவான் என்று அழைத்தோம். இந்தப் பெண்மணியை நான் 'கூலியாட்கள்' என்ற பன்மைக்குள் போட்டு அச்சேற்றியிருந்தேன். அவர்களே தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. இரண்டு முறை விளக்கிய பிறகு, "காரீகர்" என்று ஒரு கிழவி உள்ளேயிருந்து சொன்னார். கைவினைஞர். தச்சருக்கும் தட்டாருக்கும் சொல்லும் சொல். தலைவி மறுக்கவில்லை.

கொத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்கள். ஆளுக்கு நாலு மணி. தலைவி ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. "பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு" என்றார். கிளம்பும்போது என் தண்ணீர்ப் புட்டியைக் கேட்டு வாங்கிக் குடத்திலிருந்து நிரப்பிக் கொடுத்தார். ஜனவரியில் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மார்ச்சில் தரை தெரியும் என்றார். அந்தச் சமயத்தில் டோளியில் பாதிப்பேர் கீழே சமவெளியில் இருப்பார்கள். கொடிக்கு மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டுநீர் விடும் தோட்டங்களில்.

திரும்பும் வழி முழுக்க இறக்கம். பெடலை மிதிக்க வேண்டிய வேலையே இல்லை; பிரேக்கைப் பிடித்துத்தான் கை கடுத்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டு ஏறிய தூரம் இருபது நிமிடத்தில் முடிந்தது. அணைக்குக் கீழே வந்தபோது, நான் மேலே இருந்த நேரத்தில் யாரோ மதகைத் திறந்திருந்தார்கள். குளிர்காலப் பாசன முறை வந்திருக்கிறது போலும். வறண்டு கிடந்த கால்வாயில் தண்ணீர், சருகுகளை முன்னே தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஓசரை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. சிறிது தூரம் அதன் வேகத்திலேயே போனேன்.